கருவியில் பிழையில்லை

ஜனவரி 9

அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் ரத்த அழுத்தத்தைத் தவிர மற்றதெல்லாம் அங்கேயும் சௌக்கியமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறீர்களா?

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். போன் செய்திருக்கலாம். ஆனால் போனில் நாம் பேசினால் நாலாவது நிமிஷம் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், அதற்கும் முதலில் படித்தாக வேண்டும்.

செய்தி இதுதான். எனக்கு நாலாவது மாதம். ஜூன் பதினைந்து வாக்கில் என்று டாக்டர் சொல்கிறார். உங்கள் மாப்பிள்ளை ஏப்ரல் நடுவில் கப்பலேறினால் ஜூலை கடைசியில்தான் திரும்புவார். இன்ஜின் அறையில் வேலை பார்ப்பவருக்குப் பிள்ளை பிறக்கிறது என்று யாரும் கப்பலைத் திருப்ப மாட்டார்கள்.

நாங்கள் இருப்பது ஒரு விதைப் பண்ணையின் குடியிருப்பு. நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடம் வாசலிலிருந்து நூறு அடி. ஆஸ்பத்திரி அறுபத்திரண்டு கிலோமீட்டர். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. டாக்சி டவுனிலிருந்து வர வேண்டும், வந்தால் உண்டு. எனக்கும் ரத்த அழுத்தம் ஏறுகிறது, உங்களிடமிருந்து வந்த சொத்து. கடைசி மாதத்தில் தலைவலி வந்தாலோ கண் மங்கினாலோ ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், நானே வண்டி ஓட்டவும் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கார் இருக்கிறது. ஓட்டத்தான் ஆள் வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் வந்து ஜூலை வரை என்னோடு இருக்க முடியுமா? அம்மாவை நான் கேட்கவில்லை. கேட்டால் அங்கிளோடு வந்து நிற்பார். முதலில் உங்களைக் கேட்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. இப்போதும் குடிக்கிறீர்களா? ஒரு வார்த்தையில் பதில் வேண்டும். பாரா வேண்டாம்.

வாலு


ஜனவரி 23

என் வாலுவுக்கு,

இல்லை.

ஒரு வார்த்தை கேட்டாய், கொடுத்துவிட்டேன். இனி பாரா எழுதலாம் அல்லவா? குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் முதுகில் தட்டுவார்கள். தட்டும் கைக்குள்ளேயே 'இத்தனை நாள் என்ன கேடு உனக்கு' என்பதும் இருக்கும். அந்தப் பாராட்டு எனக்கு வேண்டாம்.

நான் நன்றாக இருக்கிறேன். நீ உப்பைக் குறை. கட்டாயம் வருகிறேன். முப்பது வருஷத்தில் நான் எடுக்காத விடுப்பைச் சேர்த்தால் உன் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை அங்கே இருக்கலாம்.

ஆபீஸ் எப்படி என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தராசு, வெப்பமானி, போலீஸ்காரர்கள் வாயில் வைத்து ஊதச் சொல்லும் கருவி எல்லாம் சரியாக அளக்கின்றனவா என்று பார்த்துச் சான்றிதழ் தரும் அதே மேஜையில்தான் இருக்கிறேன். ஊதும் கருவிகள் பெட்டிக்குப் பத்தாக வரும். மற்றவர்கள் இரண்டைச் சோதித்துவிட்டு மீதி எட்டுக்கும் அதையொட்டி எண்களை எழுதிவிடுகிறார்கள். நான் பத்தையும் சோதிப்பேன், ஒவ்வொன்றையும் பதினைந்து முறை. அதனால் எனக்கு ஆபீஸில் 'பதினைஞ்சு' என்று பெயர். அதனால்தான் என் மேஜையில் வேலை தேங்குகிறது. அதனால்தான் என்னிடம் பயிற்சிக்கு வந்த பயல் அடுத்த மாதம் டைரக்டர் நாற்காலியில் உட்காரப் போகிறான்.

உன் அம்மாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கார் ஓட்டப் பழகப் போனவள் டிரைவிங் ஸ்கூல்காரரையே கல்யாணம் செய்துகொண்டாள். இருபது வகுப்பில் முடிய வேண்டியது இரண்டு வருஷம் நடந்தது என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன். அந்த மனிதர் வந்து என் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவதா? எனக்குக் கையும் காலும் இருக்கும்வரை அது நடக்காது.

விசாவுக்கு உன் அழைப்புக் கடிதம் வேண்டுமாம். அனுப்பு.

அப்பா


பிப்ரவரி 8

அப்பாவுக்கு,

குழந்தை உதைக்கிறது. எனக்கு வேறு குறையில்லை. உங்கள் மேஜைக்கும் குறையில்லை என்று தெரிந்துகொண்டேன்.

அந்த 'இல்லை'யை நாலு தடவை படித்தேன். உங்கள் கையெழுத்து அந்த ஒரு வார்த்தையில் மட்டும் அழுத்தமாக இருந்தது.

இப்போது ஒன்று சொல்லலாம் என்று தோன்றுகிறது. சின்ன வயசில் பள்ளிக்கூட வாசலில் நீங்கள் வந்து நின்றால் ஓடிவந்து கட்டிப்பிடிப்பேனே, அதைப் பாசம் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் சட்டையை மோந்து பார்ப்பேன். வாசனை வந்தால், "பக்கத்து வீட்டு அக்காகூட நடந்து வந்துர்றேம்பா" என்று நழுவிவிடுவேன். வராவிட்டால் காரில் ஏறுவேன். ஆறு வயசிலிருந்து பதினொன்று வரை இதுதான் நடந்தது. நீங்கள் ஒரு தடவைகூடக் கண்டுபிடிக்கவில்லை. அளக்கிற வேலை பார்க்கிறவர்!

அழைப்புக் கடிதம் இதோடு இருக்கிறது. வழியும் வரைந்திருக்கிறேன். பண்ணை வாசலில் இடது பக்கம் திரும்பி, கால்வாயை ஒட்டிப் போனால் ஒற்றை வண்டி மட்டும் போகும் பாலம். எதிரே வருபவருக்குத்தான் அங்கே முன்னுரிமை. அதைத் தாண்டி ரயில் கேட். பிறகு நாற்பது கிலோமீட்டர் நேர் ரோடு, இரண்டு பக்கமும் லாரி. இங்கே சாலையில், நம் ஊரில் ஓட்டுவதற்கு எதிர்ப்பக்கம் ஓட்ட வேண்டும். வந்ததும் ஒரு வாரம் பழகிக்கொள்ளுங்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் இப்போதே வாங்கிவிடுங்கள்.

என் தோழிகளிடம் சொல்லிவிட்டேன், என் அப்பா வருகிறார் என்று.

வாலு


பிப்ரவரி 22
(தபாலில் சேர்க்காதது)

வாலு,

நேற்று என்னைப் பிடித்துவிட்டார்கள்.

பயல் டைரக்டர் ஆனதற்கு மத்தியான விருந்து. போகாமல் இருந்திருக்கலாம். போகவில்லை என்றால் வயிற்றெரிச்சல் என்பார்கள் என்று போனேன். கிளாஸைத் தூக்கிக்கொண்டு பேசினான். "இன்னிக்கு நான் இங்க நிக்கிறேன்னா அதுக்கு நம்ம பதினைஞ்சு சார்தான் காரணம். எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தாரு. பதினைஞ்சு தடவ சொல்லிக் குடுத்தாரு!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "சார், எனக்காக ஒரே ஒரு கிளாஸ்" என்று அவனே கையில் கொடுத்தான். வாங்கினேன். இரண்டாவதை யாரும் கொடுக்கவில்லை. நானே எடுத்தேன். பிறகு எண்ணவில்லை.

நாலு மணிக்குக் காரை எடுத்தேன். பள்ளிக்கூடத் தெருவில் பிள்ளைகள் வெளியே வரும் நேரம், போலீஸ் தடுப்பு. அதற்கு இரண்டு கெஜம் முன்னால்தான் என் வண்டி நின்றது. ஒரு பெண் பிள்ளை பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பம்பருக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். அவள்மேல் படவில்லை. படவில்லை என்பதை நூறு தடவை எழுதினாலும் அவள் நின்ற நிலை மாறாது.

"சார், இதுல ஊதுங்க" என்றார் போலீஸ்காரர். கருவியின் முதுகில் ஒட்டியிருந்த சான்றிதழில் என் கையெழுத்து. நவம்பர் மாதம் போட்டது. ஊதினேன். அனுமதித்த அளவைப்போல இரண்டரை மடங்கு காட்டியது. "எல்லாரும் மெஷின் தப்புக் காட்டுதும்பாங்க. நீங்க என்ன சார், வாயே தொறக்க மாட்டேங்கறீங்க?" என்று அவருக்கே ஆச்சரியம்.

லைசென்ஸை வாங்கிக் கவரில் போட்டு ஒட்டிவிட்டார்கள். வழக்கு முடிகிறவரை அது நீதிமன்றத்தில் இருக்கும்.

ஜனவரியில் நான் எழுதிய வார்த்தை அன்றைக்கு உண்மை.


மார்ச் 4

என் வாலுவுக்கு,

இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம்.

விசா விண்ணப்பம் மேஜையில் இருக்கிறது. கேள்விகள் அதிகம். நிதானமாக நிரப்ப வேண்டும்.

உன் வரைபடம் பார்த்தேன். நன்றாக வரைந்திருக்கிறாய். எனக்கு ஒரு யோசனை. அந்த எதிர்ப்பக்கம் ஓட்டுவது, ஒற்றைப் பாலம், லாரிகள் எல்லாம் என் வயசுக்குப் புதிது. பண்ணையில் ஓட்டத் தெரிந்தவர் யாராவது இருந்தால், அல்லது டவுன் டாக்சிக்காரர் ஒருவரை அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் ஏற்பாடு செய்ய முடிந்தால், நான் உன் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்து வருவேன். சும்மா கேட்டு வை.

டைரக்டர் விருந்துக்குப் போனேன். சாப்பாடு பரவாயில்லை. சாப்பிட்டு வந்துவிட்டேன்.

அப்பா


மார்ச் 17

அப்பாவுக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. நலமாக இல்லை. போன வாரம் அழுத்தம் ஏறி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். உங்கள் மாப்பிள்ளைதான் ஓட்டிப் போனார். பாலத்தில் எதிரே ஏழு வண்டி வந்தது. ஏழும் போகிறவரை நின்றோம். அன்றைக்கு எனக்குப் பயம் வந்தது. அடுத்த மாதம் அவரும் இருக்க மாட்டார்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நான் கேட்டதே ஓட்டுவதற்கு ஒரு ஆள். நீங்கள் என்னையே டாக்சி தேடச் சொல்கிறீர்கள். "என் வயசுக்குப் புதிது" என்று நீங்கள் எழுதி நான் பார்த்ததே இல்லை. ஐம்பத்து நாலு ஒரு வயசா? போன வருஷம்கூட ஆபீஸ் ஜீப்பை மலைமேல் நீங்கள்தான் ஓட்டினீர்கள் என்று சித்தப்பா சொன்னார்.

பண்ணையில் ஒரே ஒரு டிராக்டர்காரர் இருக்கிறார். டிராக்டரில் போய்ப் பிள்ளை பெறட்டுமா?

கார் இன்சூரன்ஸில் உங்கள் பெயரைச் சேர்க்க லைசென்ஸ் நகல் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் எடுத்து அடுத்த கடிதத்தில் வையுங்கள். ஏப்ரல் கடைசிக்குள் கொடுக்க வேண்டும்.

ஏதாவது சொல்லாமல் இருக்கிறீர்களா?

வாலு


ஏப்ரல் 4

என் வாலுவுக்கு,

உன் உடம்பு பற்றிப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை. மாத்திரை போடுகிறேன்.

லைசென்ஸ் கையில் இல்லை. புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஒரு அலுவலகத்தில் இருக்கிறது. வந்ததும் நகல் அனுப்புகிறேன்.

சொல்லாமல் இருப்பது ஒன்று உண்டு. ஆபீஸ் விஷயம். நான் சான்றிதழ் கொடுத்த ஊதும் கருவி ஒன்று ஒரு வழக்கில் சிக்கியிருக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக ஒரு ஆளைப் பிடித்திருக்கிறார்கள். நடுத்தர வயசுக்காரர். வெளிநாடு போக வேண்டிய அவசரமாம், குடும்ப விஷயம். வழக்கு முடிந்தால்தான் அவருக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். யாருக்கும் அடிபடவில்லை. பல மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு ஒரு நாள், ஒரே ஒரு நாள், சறுக்கியிருக்கிறார்.

அவருடைய வக்கீல் என்னிடம் கேட்பது ஒரே வரி. "சார், பத்துல ரெண்டத்தான் சோதிச்சேன், இந்த மெஷின் அந்த ரெண்டுல இல்லன்னு சொல்லிடுங்க. உங்க ஆபீஸ்ல எல்லாரும் செய்யறதுதானே? அன்னிக்கே கேஸ் தள்ளுபடி. மறுநாள் லைசென்ஸ் கையில." டைரக்டருக்கும் இதில் சந்தோஷம். என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு, "சொல்லிடுங்க சார், மெமோகூடக் குடுக்க மாட்டேன். மனுஷன்னா இதெல்லாம் சகஜம்" என்றான். ஏன் சந்தோஷம் என்று எனக்குத் தெரியாதா? நான் அப்படிச் சொன்ன நிமிஷம் நானும் அவர்களில் ஒருவன். பிறகு என்னைப் பார்த்து யாரும் கண்ணைத் தாழ்த்த வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஆளின் நிலைமையை நினைத்தால் தூக்கம் வரவில்லை. மே ஐந்தாம் தேதி விசாரணை. நீ என்ன நினைக்கிறாய்?

அப்பா


ஏப்ரல் 19

அப்பாவுக்கு,

அழுத்தம் இப்போதைக்கு அடங்கியிருக்கிறது. நீங்களும் தூங்கப் பாருங்கள்.

அவர் பதினான்காம் தேதி கப்பலேறிவிட்டார். வீடு பெரிதாகத் தெரிகிறது. கார் சாவியை வாசல் பக்கம் ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார், எடுக்க வசதியாக. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்கிறேன்.

உங்கள் வழக்கு விஷயம். இதில் நான் நினைக்க என்ன இருக்கிறது? நீங்கள் சோதிக்காமல் கையெழுத்துப் போட மாட்டீர்கள். என் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில்கூட மார்க்கை மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட்டீர்கள். வகுப்பு டீச்சர் கணக்கில் தப்புக் கண்டுபிடித்து என் மானத்தை வாங்கினீர்கள். நம் வீட்டில் எதுவும் சரியாக இருந்ததில்லை. உங்கள் கையெழுத்து மட்டும் சரியாக இருந்தது. அதையும் கொடுத்துவிடாதீர்கள்.

குடும்ப விஷயமாம், அவசரமாம். இருக்கட்டும். காரில் ஏறும்போது அந்த ஆளுக்குக் குடும்பம் இல்லையா? அந்தக் குடிகாரனை உள்ளே தள்ளுங்கள்.

லைசென்ஸ் நகலுக்கு ஏப்ரல் முப்பது கடைசி நாள்.

வாலு


மே 7

என் வாலுவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள். உன் அழுத்தம் ஏறாமல் இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாள் பார்த்தேன். வழி இல்லை.

அந்தக் குடிகாரன் நான்தான்.

பிப்ரவரி இருபத்தொன்று. டைரக்டர் விருந்தில் சாப்பிட்டு வந்தேன் என்று எழுதினேனே, குடித்துவிட்டு வந்தேன். பள்ளிக்கூட வாசலில் மாட்டிக்கொண்டேன். மறுநாளே உனக்கு எழுதிய கடிதம் என் மேஜை டிராயரில் இருக்கிறது. அதில் எல்லாம் இருக்கிறது. இதோடு வைக்கிறேன். லைசென்ஸ் புதுப்பிக்கப் போகவில்லை, நீதிமன்றத்தில் இருக்கிறது. நீ கேட்டபோது சொல்லாமல் இன்னொருவன்மேல் போட்டு எழுதினேன். உன் வாயிலிருந்து 'பாவம், விட்டுவிடுங்கள்' என்று ஒரு வார்த்தை வருமா என்று பார்த்தேன். வந்திருந்தால் விட்டிருப்பேன்.

ஐந்தாம் தேதி நீதிபதி சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கையெழுத்து யாரோடது?"

"என்னுதுங்கய்யா."

"குற்றம் சாட்டப்பட்டவரும் நீங்கதான்?"

"ஆமாங்கய்யா."

"அப்ப உங்கள மாட்டிவிட்டதே நீங்கதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், இதுதான் நேரம் என்று. பின்வரிசையில் டைரக்டர் வந்து உட்கார்ந்திருந்தான், ஆபீஸ் சார்பாகவாம். "இந்தக் கருவிய நீங்க சோதிச்சீங்களா?" என்று கேட்டார் நீதிபதி.

"சோதிச்சேன். பதினைஞ்சு தடவை. அது சரியா இருக்குங்கய்யா."

வக்கீல் கையிலிருந்த பேப்பரை மேஜைமேல் போட்டார். நான் உத்தமன் என்று நினைத்துக்கொள்ளாதே. பாதி, அந்தப் பயலின் முகத்துக்காகச் சொன்னேன். மீதிப் பாதி உன் கடிதம். சட்டைப் பையில் இருந்தது. அதற்காக உன்மேல் கொஞ்சம் கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை.

தீர்ப்பு ஆகஸ்ட் பதினொன்று. அதற்குள் பத்து வாரம் வெளிநாடு போய்வர நீதிபதி அனுமதி கொடுத்தார். லைசென்ஸ் கொடுக்கவில்லை. விசா விண்ணப்பத்தில் 'உங்கள்மேல் நிலுவையில் வழக்கு உண்டா' என்று ஒரு கட்டம். மார்ச்சில் 'இல்லை' என்பதன்மேல் பேனாவை வைத்துவிட்டு எடுத்தேன். அதனால்தான் விண்ணப்பம் இரண்டு மாதம் மேஜையிலேயே கிடந்தது. நேற்று 'உண்டு' என்று எழுதி நீதிமன்ற உத்தரவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். கிடைத்தால் ஜூன் நாலாம் தேதி விமானம்.

வந்தாலும் உன் காரை நான் தொட முடியாது. நீ கேட்ட ஒரே உதவி அதுதான். அந்தச் சாவியை ஆணியிலிருந்து எடுக்க வேறு யாரையாவது பார், உடனே பார்.

அப்பா


மே 20

வாலுவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? அதை மட்டுமாவது எழுது.

பதில் வர இன்னும் நாள் இருக்கிறது என்று தெரியும். தெரிந்தும் தபால்காரரைத் தினமும் வாசலில் நிறுத்திக் கேட்கிறேன். "உங்க பொண்ணு எழுதினா நான் ஒளிச்சா வெச்சுக்கப் போறேன், சார்?" என்கிறார்.

போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. எடுக்க வேண்டாம். யார் ஓட்டுகிறார்கள் என்பதை மட்டும் தெரியப்படுத்து.

அப்பா


மே 21

அப்பாவுக்கு,

என் உடம்பு பரவாயில்லை. நேற்று உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் சொன்னபடி உட்கார்ந்துதான் படித்தேன். தண்ணீர் தேவைப்படவில்லை.

எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். யாரோ ஒரு ஆளுக்காக உங்களுக்குத் தூக்கம் வரவில்லையாம். என் அப்பாவுக்கு! சித்தப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோதே குறட்டை விட்டவர் நீங்கள். "பல மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு ஒரே ஒரு நாள்" என்று வேறு எழுதியிருந்தீர்கள். அடுத்தவனுக்காக நீங்கள் இவ்வளவு இரக்கத்தோடு எழுதி நான் கண்டதில்லை. இரண்டு நாள் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'விட்டுவிடுங்கள்' என்று எழுதினால் நீங்கள் லைசென்ஸோடு வந்து நிற்பீர்கள், எனக்கு ஓட்ட ஆள் கிடைக்கும். தெரிந்துதான் உள்ளே தள்ளச் சொன்னேன். சட்டையை மோந்து பார்க்கிற வயசு எனக்குப் போய்விட்டது. நீங்களே சொன்னால்தான் இனி.

கடிதத்தைப் போட்ட மறுநாளே அம்மாவுக்குப் போன் செய்துவிட்டேன். அம்மாவும் அங்கிளும் மே இருபத்தொன்பது வருகிறார்கள். அங்கிள்தான் ஓட்டுவார். எதிர்ப்பக்கம் ஓட்டுவது எப்படி என்று ஊரிலேயே கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டிருக்கிறாராம். நீங்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது.

டிக்கெட்டைக் கிழித்துவிடுவீர்கள் என்று தெரியும். கிழிப்பதற்கு முன் இதைப் படியுங்கள். அம்மா முன்னால் உட்காருவார், வழி சொல்வதற்கு. வலி வந்தாலோ கண் இருட்டினாலோ பின் சீட்டில் என் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அறுபத்திரண்டு கிலோமீட்டர். அந்த இடம் காலியாக இருக்கிறது.

வருவதானால் வாருங்கள். நான் கெஞ்சவில்லை. வந்தால் அவர் ஓட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. பழைய கதை எதுவும் காருக்குள் வரக்கூடாது. ஒரு சொட்டு உள்ளே போனதாகத் தெரிந்தால் அன்றைக்கே விமானம் ஏற்றிவிடுவேன், பிள்ளையையும் காட்ட மாட்டேன்.

வாலு


ஜூன் 2

என் வாலுவுக்கு,

இதைத் தபாலில் போட்டால் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும். கையிலேயே கொண்டுவந்து தருகிறேன். நேரில் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

விசா கிடைத்தது. கொடுத்த அதிகாரி நீதிமன்ற உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டு, "அங்க போய் வண்டி ஓட்டிடாதீங்க" என்றார். உன் வயசுதான் இருக்கும். "சரிங்க" என்றேன்.

உன் கடிதம் வந்த அன்று டிக்கெட்டை மேஜைமேல் எடுத்து வைத்தேன், நீ சொன்னதைச் செய்யத்தான். பிறகு அந்த மனிதரைப் பற்றி உனக்கு நாலு பக்கம் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. ஒரு சொல் வீண் இல்லை. ஆறு வருஷம் மனசுக்குள் சீவிச் சீவி வைத்திருந்தது அல்லவா? முடித்துவிட்டு மேலிருந்து கீழே படித்தேன். நாலு பக்கத்திலும் உன் பிரசவம் இல்லை. அதைத்தான் கிழித்தேன்.

இனி குடிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். ஜனவரியில் அப்படி ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்து நீ நாலு தடவை படித்தாய். இன்றைக்கு நூற்றிரண்டாவது நாள். நாளைக்கு நீ கேட்டால் நாளைக்குச் சொல்கிறேன்.

ஆகஸ்டில் என்ன ஆகும் என்று தெரியாது. வக்கீல் என் போனை எடுப்பதில்லை. ஆபீஸில் மற்ற பெட்டிகளில் வந்த கருவிகளையும் மறுபடி சோதிக்கச் சொல்லி நீதிமன்ற உத்தரவாம். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டவற்றை. டைரக்டர் என்னைப் பார்த்தால் மாடிப்படியில் திரும்பிப் போகிறான். இதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பின் சீட்டில் உட்காருகிறேன். அவர் பாலத்தில் அவசரப்பட்டாலும் நேர் ரோட்டில் உருட்டினாலும் நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எதற்கும் வாய் திறக்க மாட்டேன்.

ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் அவரிடம் ஏதாவது சொல்லியாக வேண்டும். 'பார்த்து ஓட்டினீர்கள்' என்று சொல்லும் யோக்கியதை எனக்குப் போய்விட்டது. 'ரொம்ப நன்றிங்க' என்பதுதான் மிச்சம். இரண்டு நாளாக வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உரக்கச் சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை.

அப்பா